கூடுதல் கட்டணம் எதற்கு, எத்தனை இரவுக்கு?

கேள்வி: டிசம்பரில் நானும் கணவரும் அமெரிக்காவில் உள்ள மகள் வீட்டுக்குச் செல்கிறோம். மகள், மருமகன், பன்னிரண்டு வயதுப் பேரன், ஐந்து வயதுப் பேத்தி ஆகியோருடன் ஒரு வாரம் ஒர்லாண்டோ போவதாகத் திட்டம். டிஸ்னி வேர்ல்டின் விலை உயர்ந்த ஹோட்டலில்தான் தங்க வேண்டும் என்கிறார் மருமகன். எனக்கு முழங்கால் வலி உண்டு. ஆனாலும் அவ்வளவு செலவுக்கு மனம் ஒப்பவில்லை. அந்தச் செலவு தகுமா?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ஒரு வாரம் முழுவதற்கும் தகாது, இரண்டு இரவுகளுக்குத் தகும் என்பது என் கருத்து.

பூங்கா திறப்பதற்கு அரை மணி நேரம் முன்பே உள்ளே செல்லும் சலுகை, டிஸ்னியின் மிகக் குறைந்த கட்டண ஹோட்டலில் தங்குபவர்களுக்கும் உண்டு. உயர் கட்டண ஹோட்டல்களுக்கு மட்டும் உரியது, சில இரவுகளில் பூங்கா மூடிய பிறகு கிடைக்கும் இரண்டு மணி நேரம். அந்நேரத்தில் உங்கள் பேத்தி உறங்கியிருப்பாள்.

கூடுதல் பணத்துக்கு உண்மையில் கிடைப்பது அருகாமையே. 1971இல் மேஜிக் கிங்டம் பூங்காவுடன் சேர்ந்தே திறக்கப்பட்ட கன்டெம்பரரி ஹோட்டலின் உள்ளேயே அந்தப் பூங்காவுக்குச் செல்லும் மோனோரயில் வந்து நிற்கிறது. நடந்தாலும் பத்து நிமிடத்தில் பூங்கா வாசலை அடைந்துவிடலாம். நண்பகலில் அறைக்குத் திரும்பி, சற்றுப் படுத்து எழுந்து, மாலையில் வாணவேடிக்கைக்கு மீண்டும் செல்ல முடிவது, முழங்கால் வலி உள்ளவருக்கு ஆடம்பரமே அன்று. ஆனால் அங்கிருந்து டிஸ்னி வேர்ல்டின் வேறு பூங்காக்களான ஹாலிவுட் ஸ்டுடியோஸ், அனிமல் கிங்டம் ஆகியவற்றுக்குப் பேருந்தில்தான் செல்ல வேண்டும். ஆறு பேருக்கு இரண்டு அறைகளும் வேண்டியிருக்கும். எனவே மேஜிக் கிங்டம் செல்லும் நாள்களுக்கு மட்டும் அங்கே தங்கிவிட்டு, மற்ற இரவுகளுக்கு டிஸ்னியின் குறைந்த கட்டண ஹோட்டல்களில் ஒன்றான ஆர்ட் ஆஃப் அனிமேஷனுக்கு மாறிக்கொள்ளுங்கள். அங்கே ஆறு பேர் தங்கும் குடும்ப அறைகளும், அவற்றிலேயே மைக்ரோவேவும் சிறிய குளிர்பெட்டியும் உள்ளன. பேத்திக்குத் தயிர்ச்சோறு பிசைந்து கொடுக்க அதுவே போதும். எப்காட் என்னும் இன்னொரு டிஸ்னி பூங்காவுக்கும் ஹாலிவுட் ஸ்டுடியோஸுக்கும் வாசலிலிருந்தே ஸ்கைலைனர் என்னும் ரோப் கார் செல்கிறது.

அறையிலிருந்தே ஒட்டகச்சிவிங்கிகளைக் காணலாம் என்று அனிமல் கிங்டம் லாட்ஜைப் பலர் பரிந்துரைப்பார்கள். அதுவும் உயர் கட்டண ஹோட்டல்தான். ஆயினும் எந்தப் பூங்காவுக்கும் பேருந்து மட்டுமே. அங்குள்ள சனா உணவகத்தில் நான் ரொட்டி, சட்னி வகைகளோடு ஒரு வேளை உணவருந்தினால், தங்காமலேயே அந்தக் காட்சியைக் கண்டு வரலாம்.

ஒர்லாண்டோவிலேயே உள்ள மற்றொரு கேளிக்கைப் பூங்கா வளாகமான யுனிவர்சலின் கணக்கு வேறு. போர்ட்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிபிக் ஆகிய மூன்று ஹோட்டல்களில் தங்கும் ஒவ்வொருவருக்கும், நீண்ட வரிசையைத் தவிர்க்க உதவும் எக்ஸ்பிரஸ் அனுமதி தனிக் கட்டணமின்றிக் கிடைக்கிறது. தனியாக வாங்கினால் ஆளுக்கு ஒரு நாளைக்கே பெரும்பாலும் 100 டாலரைத் தாண்டும். கூட்டம் மிகுந்த டிசம்பரில் இன்னும் கூடும். (2025இல் திறந்த எபிக் யூனிவர்ஸ் பூங்காவில் இது செல்லாது.) வந்து சேரும் நாள், புறப்படும் நாள் இரண்டுக்கும் செல்லும் என்பதால், மகளும் மருமகனும் பேரனும் ஓர் இரவு தங்கினாலே மூவருக்கும் இரண்டு நாள் எக்ஸ்பிரஸ் அனுமதி கிடைத்துவிடும். அறை பிற்பகலில்தான் கிடைக்கும் என்றாலும், காலையிலேயே ஹோட்டலில் பதிவு செய்து, அனுமதியைப் பெற்றுக்கொண்டு பூங்காவுக்குச் செல்லும்படி மருமகனிடம் சொல்லுங்கள்.