டயாலிசிஸ் செய்பவர்களுக்கு ரத்தம் உறையாமல் போகுமா, கட்டிக்கொள்ளுமா?

அப்பாவுக்கு ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் நிற்கவில்லை, ஆனால் பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஃபிஸ்டுலாவே (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்துச் செய்த வழி) அடைத்துவிட்டது, எது உண்மை என்று கேட்டிருக்கிறீர்கள். ரெண்டும் உண்மைதான், ஒரே ஆளுக்கே ரெண்டும் வரலாம். என் மாமாவுக்குத் துணையாக டயாலிசிஸுக்குப் போய் வருகிறவன் நான்.

சிறுநீரகம் வேலை செய்யாதபோது ரத்தத்தில் தங்கும் கழிவுகள், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களைக் கெடுக்கும். டெஸ்டில் எண்ணிக்கை சரியாகவே காட்டும், ஆனால் அவை காயத்தில் போய் ஒட்டாது. ரத்தசோகையும் இருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் பிளேட்லெட்டை ரத்தக்குழாயின் சுவர்ப்பக்கம் தள்ளிவிடுவதே சிவப்பணுக்கள்தான். அதனால் ஹீமோகுளோபினுக்குப் போடும் ஊசியைத் தயவுசெய்து தவறவிடாதீர்கள்.

அப்புறம் ஹெப்பாரின். டியூபிலும், ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வடிகட்டியான டயாலைசரிலும் பட்டால் ரத்தம் உறைய ஆரம்பிக்கும், அதைத் தடுக்கத்தான் இந்த மருந்து. மெஷினை விட்டு எழுந்த பிறகும் சில மணி நேரம் இதன் வேகம் இருக்கும். ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் முடித்த கையோடு குலசேகரம் பஸ்ஸில் ஏறி, ஃபிஸ்டுலா கையாலேயே கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். ஊசி எடுத்த இடத்தை அழுத்திப் பிடித்து, ரத்தம் நின்றதா என்று பார்த்த பிறகே கிளம்ப வேண்டும். பல் பிடுங்குவதென்றால் டயாலிசிஸ் இல்லாத நாளில், அதுவும் சிறுநீரக டாக்டரிடம் கேட்டுவிட்டு. சமீபத்தில் ஆபரேஷன் ஆகியிருந்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ ஊசி குத்தும் முன்பே சொல்லிவிடுங்கள், ஹெப்பாரின் இல்லாமல் சலைன் விட்டும் செய்வார்கள்.

ஃபிஸ்டுலா அடைப்பதற்குப் பெரும்பாலும் ஃபிஸ்டுலா குழாய் சுருங்கிப்போவதுதான் காரணம், ஆனால் பிரஷர் இறங்குவதும் அதோடு சேர்ந்துகொள்ளும். இடைப்பட்ட நாளில் கஞ்சியும் தண்ணியுமாகக் குடித்துவிட்டு வந்தால் அவ்வளவு நீரையும் நாலு மணி நேரத்தில் இழுக்க வேண்டும், பிரஷர் சடாரென்று விழும், ஓட்டம் குறைந்த ரத்தம் அங்கேயே கட்டிக்கொள்ளும். அந்தக் கையில் பிரஷர் பார்க்க விடாதீர்கள், இறுக்கமாக வாட்ச் வேண்டாம், அதன்மேல் படுக்கவும் வேண்டாம். காலையிலும் ராத்திரியும் விரல் வைத்துப் பாருங்கள், உள்ளே ஒரு அதிர்வு தெரிய வேண்டும். அது இல்லையென்றால் அடுத்த டயாலிசிஸ் நாள்வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், சீக்கிரம் போனால் கட்டியை எடுத்து அதே ஃபிஸ்டுலாவைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.