அப்பா, அம்மா சம்பளத்தைக் கூட்டி ஓபிசி சான்றிதழை மறுக்கலாமா?

கேள்வி: நான் பொதுப்பணித் துறையில் உதவியாளர். மனைவி அரசுப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. பிற்படுத்தப்பட்ட வகுப்பினர். மகள் பி.சி. இடத்தில்தான் பொறியியல் படித்தாள். அப்போது யாரும் வருமானம் கேட்கவில்லை. இப்போது வங்கித் தேர்வுக்காக ஓபிசி (மத்திய அரசின் இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் கேட்டால், இருவர் சம்பளமும் சேர்த்து 11 லட்சம், வரம்பு 8 லட்சம்தான் என்று தாலுகா அலுவலகத்தில் நிராகரித்துவிட்டார்கள். மற்றபடி மாடி வாடகை மாதம் 6,000 ரூபாய், ஊரில் இரண்டு ஏக்கர் நஞ்சை. என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் சொன்ன விவரப்படி உங்கள் மகளுக்குச் சான்றிதழ் தந்தே ஆக வேண்டும். சம்பளத்தைக் கூட்டியதுதான் தவறு. இதே தவறால் அரசு ஊழியர்களின் பிள்ளைகள் பலர் பொதுப்பிரிவில் போய் நிற்கிறார்கள் என்பது எனக்குத் தீராத ஆதங்கம்.

இங்கே கேட்காத வருமானத்தை மத்திய அரசு ஏன் கேட்கிறது? தமிழ்நாடும் ஒருமுறை கேட்டுப் பார்த்தது. 1979-ல் எம்.ஜி.ஆர். அரசு, ஆண்டு வருமானம் 9,000 ரூபாயைத் தாண்டினால் பிற்பட்டோர் சலுகை கிடையாது என்று ஆணை போட்டது. கடும் எதிர்ப்பு. 1980 மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க.வுக்கு இரண்டே இடங்கள். உடனே ஆணை வாபஸானது. பிற்பட்டோர் ஒதுக்கீடும் 31-லிருந்து 50 சதவீதமாக உயர்ந்தது. அதற்கப்புறம் எந்த ஆட்சியும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மத்திய அரசுப் பணிகளின் கதை வேறு. மண்டல் ஆணையத்தின் பரிந்துரைப்படி 1990-ல் வி.பி.சிங் அரசு பிற்பட்டோருக்குக் கொடுத்த 27 சதவீத ஒதுக்கீட்டை, 1992 நவம்பர் 16-ல் இந்திரா சஹானி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் பிற்பட்டோரில் வசதியான ‘கிரீமி லேயரை’ விலக்கச் சொன்னது. மொத்த ஒதுக்கீடு 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் சொன்னதால், நம் மாநிலம் தன் 69 சதவீத ஒதுக்கீட்டுக்குத் தனிச் சட்டம் இயற்றி, 1994-ல் அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்துக் காப்பாற்றியது. ஆகவே உங்கள் மகளுக்குக் கல்லூரியில் ஒரு சட்டம், வங்கி வேலைக்கு இன்னொரு சட்டம்.

சரி, அந்த கிரீமி லேயர் யார்? 8.9.1993 தேதியிட்ட மத்திய அரசின் 36012/22/93 குறிப்பாணை இதைச் சொல்கிறது. அரசு ஊழியர் என்றால் முதலில் பார்க்க வேண்டியது சம்பளத்தை அல்ல, பதவியின் தரத்தை (மேலிருந்து கீழாக ஏ, பி, சி எனப் பிரிவுகள்). பெற்றோரில் ஒருவர் நேரடி நியமனத்தில் ‘ஏ’ பிரிவு அதிகாரி, அல்லது இருவருமே நேரடி நியமனத்தில் ‘பி’ பிரிவு என்றால் பிள்ளைக்கு ஒதுக்கீடு இல்லை. நீங்கள் இருவரும் ‘சி’ பிரிவு. அடுத்தது வருமானம். அதன் விளக்கக் குறிப்பில், சம்பளத்தையும் விவசாய நில வருமானத்தையும் இதில் சேர்க்கக் கூடாது என்று எழுதியே இருக்கிறது, 14.10.2004 தேதியிட்ட மத்திய அரசின் விளக்கக் கடிதமும் அதையே உறுதிசெய்கிறது. அப்படியென்றால் உங்கள் கணக்கில் மிஞ்சுவது வாடகை மட்டும்: ஆண்டுக்கு 72,000 ரூபாய். 2017 முதல் வரம்பு 8 லட்சம். அதுவும் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தாண்டினால்தான் விலக்கு. நிலத்துக்குத் தனி உச்சவரம்பு உண்டு. இரண்டு ஏக்கர் அதன் பக்கத்திலேயே வராது.

மறுத்ததற்கான காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். இல்லையென்றால் இ-சேவையில் வந்த நிராகரிப்பைப் பிரதி எடுங்கள். குறிப்பாணை, 2004 கடிதம், இருவரின் பதவிப் பிரிவைக் காட்டும் அலுவலகச் சான்று ஆகியவற்றை இணைத்து கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கும் அசையவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம்.

அதற்கு முன்னால் ஒன்று: உங்கள் சாதி மாநிலப் பட்டியலில் இருப்பது போதாது, மத்திய ஓபிசி பட்டியலிலும் இருக்க வேண்டும். அதை இன்றே சரிபாருங்கள். தேர்வு அறிவிக்கையில் சான்றிதழ் எந்தத் தேதிக்குள் பெறப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதையும் பார்த்து, மனுவின் முதல் வரியிலேயே அந்தத் தேதியைக் குறிப்பிடுங்கள்.