கம்யூனிச ஆட்சியில் மறைவாக இயங்கிய மதக் குழுக்களை அரசு எப்படிக் கண்காணித்தது?

நான் ஊன்றிப் படித்தது சோவியத் ஆட்சியில் இருந்த லித்துவேனியாவைப் பற்றித்தான் என்பதால், அந்த நாட்டை வைத்தே பதில் சொல்கிறேன்.

அங்கே கத்தோலிக்கக் கோயிலுக்குள் பூசை நடக்கத் தடையில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, அதாவது சமயப் பாடம், கற்பிப்பது குற்றம். சிறுவர்களைப் புதுநன்மைக்கு (முதன்முறை நற்கருணை பெறும் சடங்குக்கு) தயார் செய்தார் என்பதற்காகவே ஸ்டெப்ஸ்கிஸ் என்ற பங்குத்தந்தைக்கு 1971-இல் ஓராண்டுச் சிறை கிடைத்தது. துறவற மடங்கள் மூடப்பட்டிருந்ததால், கன்னியர் பலர் வெளியே சாதாரண வேலை பார்த்துக்கொண்டு, வார்த்தைப்பாடுகளை, அதாவது துறவற உறுதிமொழிகளை, மறைவில் காத்துவந்தனர்.

கண்காணிப்பு என்றவுடன் ஒட்டுக்கேட்கும் கருவிகளும் பிரித்துப் படிக்கப்பட்ட கடிதங்களும் நினைவுக்கு வரும். அவையும் இருந்தன. ஆனால் சோவியத் உளவுத்துறையான கேஜிபி பெரிதும் நம்பியது உளவு சொல்ல ஆள் பிடிப்பதைத்தான். குருக்களாகப் பயிற்சி தரும் குருமடங்களில் நாட்டில் எஞ்சியிருந்த ஒன்றே ஒன்று கௌனாஸ் நகரில் இருந்தது; அதில் எத்தனை பேர் சேரலாம் என்பதை அரசே முடிவு செய்தது. விண்ணப்பித்த இளைஞர்களைக் கேஜிபி தனியே அழைத்து, உளவு சொல்லச் சம்மதமா என்று கேட்டது. மறுத்தவர்களில் பலருக்கு இடம் கிடைக்கவில்லை; சிலர் இரகசியமாகப் படித்துக் குருக்களானார்கள். இதில் எனக்கு மிகவும் கொடுமையாகப் படுவது, இணங்காமலேயே இடம் பெற்றவனையும் உடன் படித்தவர்கள் சந்தேகத்தோடு பார்க்க வேண்டிய நிலை வந்ததுதான்.

இந்தச் சூழலில்தான் 1972 மார்ச் 19 அன்று, சிம்னாஸ் என்ற சிற்றூரில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்த சிகிதாஸ் தம்கெவிசியுஸ், 'லித்துவேனியக் கத்தோலிக்கத் திருச்சபையின் நிகழ்ச்சிக் குறிப்பேடு' என்ற இரகசிய இதழைத் தொடங்கினார். மெல்லிய தாள்களுக்கிடையே கார்பன் வைத்துத் தட்டச்சு செய்து, கைக்குக் கை கடத்தினார்கள். கோயிலுக்குப் போனதற்காக எந்தப் பள்ளியில் எந்தப் பிள்ளையை எந்த ஆசிரியர் அவமானப்படுத்தினார், யார் வீட்டைச் சோதனையிட்டு எதை எடுத்துச் சென்றார்கள் என்பதெல்லாம் பெயரோடும் நாளோடும் அதில் பதிவாயின.

1974 ஆகஸ்டில் நியோலே சதூனைத்தே என்ற அருட்சகோதரியின் வீட்டுக்குள் கேஜிபி நுழைந்தபோது, பதினோராம் இதழ் பாதி தட்டச்சான நிலையில் பொறியிலேயே இருந்தது. விசாரணையில் அவர் ஒருவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. மூன்றாண்டு உழைப்பு முகாமும் மூன்றாண்டு நாடுகடத்தலும் தண்டனையாக விதிக்கப்பட்ட அன்று, அதுவே தம் வாழ்வின் மிக மகிழ்ச்சியான நாள் என்று நீதிமன்றத்திலேயே சொன்னார். 1983-இல் தம்கெவிசியுஸும் கைதானார். இதழோ நிற்கவில்லை, 1989 வரை 81 இதழ்கள் வெளிவந்தன.

வில்னியுஸில் பழைய கேஜிபி கட்டடம் இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே சென்றபோது, கீழ்த்தளச் சிறையறை ஒன்றில் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் கிழித்துப் போட்ட ஆவணத் துணுக்குகள் சாக்குச் சாக்காக அடுக்கியிருந்ததைக் கண்டேன். உளவு சொன்னவர்களின் பெயர்கள் மட்டுமா அப்படி அழிந்திருக்கும்? கூப்பிட்டு மிரட்டியும் மறுத்துவிட்டு வந்தவர்களுக்கு, தாம் மறுத்ததைக் காட்ட இருந்த ஒரே சான்றும் அவற்றோடு போயிருக்கும் என்று எண்ணியபோது அங்கிருந்து நகரவே மனம் வரவில்லை.