கேள்வி – பதில்: கிஷியின் மரத் தேவாலயத்தில் ஆணியே இல்லையா?

கேள்வி: ரஷ்யாவின் கிஷித் தீவில் உள்ள மரத் தேவாலயத்தை ஓர் ஆணிகூட அடிக்காமல் கட்டினார்கள் என்கிறார்களே, நிஜமா?

பதில்: பாதி நிஜம். கரேலியாவில் ஒனேகா ஏரித் தீவில் 1714-இல் எழுந்த அந்தத் தேவாலயத்தின் சுவர்களில் ஆணி கிடையாது. பைன் மரத்தடிகளைப் படுக்கவைத்து, மூலையில் ஒன்றில் ஒன்று உட்காரும்படி பள்ளம் வெட்டிக் கோத்திருக்கிறார்கள். மேல்தடியின் அடிப்பக்கத்தில் நீளவாக்கில் குடைந்து, இடையில் பாசியைத் திணிப்பார்கள். குடைவு மேல்நோக்கி இருந்தால் தண்ணீர் தங்கித் தடி உளுத்துவிடும். ஆனால் கூரையை மூடும் சின்னச் சின்ன மர ஓடுகளுக்கு ஆணி அடித்தே ஆகவேண்டும். ‘ஆணியே இல்லை’ என்பது சுற்றுலா வழிகாட்டிகள் சொல்லிச் சொல்லி வளர்த்த கதை.

கேள்வி: படத்தில் குவிமாடங்கள் வெள்ளியாக மின்னுகின்றனவே, தகடா?

பதில்: தகடு இல்லை, ஆஸ்பென் மரம். 19-ஆம் நூற்றாண்டில் இரும்புத் தகடு போர்த்தியது உண்டு, 1950-களில் கழற்றிவிட்டார்கள். 22 குவிமாடங்களுக்கும் சேர்த்து சுமார் 30,000 மர ஓடுகள். ஈரம் காயாத ஆஸ்பென் கோடரிக்கு மெத்தென்று இணங்கும். குவிமாடத்தின் வளைவுக்கு ஏற்ப ஒவ்வொன்றையும் வளைத்தே செதுக்கலாம். நுனி படிப்படியாகக் குறுகிக் கூராகும், மழைநீர் அங்கிருந்து சொட்டும். கீழ்வரிசையில் இரண்டு ஓடுகள் சேரும் இடத்தை மேல் ஓடு மறைக்க வேண்டும். அது தவறினால் ஒழுகும். வெயிலும் மழையும் பட்டபின் மரம் சாம்பல் வெள்ளியாகிறது. அந்திவெயிலில் அதுவே செம்பொன்னாகத் தெரியும்.

கேள்வி: 37 மீட்டர் உயரத்துக்கு அவ்வளவு நீளத் தடி எங்கே கிடைத்தது?

பதில்: தடிகளைப் படுக்கவைத்து அடுக்குவதால் உயரத்துக்கு நீளத் தடி தேவைப்படவில்லை. அகலத்துக்கும் அப்படித்தான்: எண்கோணமாகக் கட்டினால் குட்டையான தடிகளைக் கொண்டே அகலமான கூடம் எழுப்பலாம். நாலு திசையிலும் ஒட்டுக்கட்டு, நடுவில் எண்கோணம், அதன்மேல் சிறிது, அதற்கும் மேல் இன்னும் சிறிது. உள்ளே போனால் சிலருக்கு ஏமாற்றம்தான்: உட்கூரை தாழ்வாக இருக்கும். அந்த உயரமெல்லாம் ஏரியிலிருந்து பார்ப்பவர்களுக்காக!

கேள்வி: அந்தத் தேவாலயத்தில் உளுத்த தடிகளை அண்மையில் மாற்றினார்களாமே, எப்படி?

பதில்: 1980-களில் உள்ளே இரும்புச் சட்டம் நட்டுத் தாங்கவைத்தார்கள். பிறகு மேலடுக்கை ஜாக்கிகளால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடியடுக்கைப் பிரித்து, கெட்டதை மட்டும் மாற்றி மீண்டும் கோத்தார்கள். இப்படியே ஒவ்வோர் அடுக்காக மேலே போய் வேலை முடிந்ததும், 2020-இல் பார்வையாளர்களுக்குக் கதவு திறந்தது.