வாசகர் கேள்வி: என்னை விட்டுவிட்டு மற்றவர்களுக்கு மட்டும் செய்யலாமா?

சென்ற இதழில் மைத்ரி தியானம் (பௌத்தர்களின் அன்புத் தியானம்) பற்றி எழுதியதற்கு நிறையக் கடிதங்கள். அதைப் படிக்காதவர்களுக்காக ஒரு வரி: கண்ணை மூடி உட்கார்ந்து, ‘நலமாக இருக்கட்டும், பயமில்லாமல் இருக்கட்டும்’ என்று முதலில் தனக்கும், பிறகு மதிக்கும் ஒருவர், நெருங்கியவர், விருப்பும் வெறுப்பும் இல்லாத ஒருவர், பிடிக்காதவர் என்று வரிசையாகவும், கடைசியில் எல்லா உயிர்களுக்கும் மனதார வேண்டிக்கொள்வது. இனி கேள்விகள்.

‘நான் நலமாக இருக்கட்டும்’ என்று சொல்லும்போதே கூச்சமாக இருக்கிறது. பிள்ளைகளுக்கு என்றால் உடனே வருகிறது. என்னை விட்டுவிட்டு மற்றவர்களுக்கு மட்டும் செய்யலாமா? சுயநலம் மாதிரித் தோன்றுகிறது. (ஒரு வாசகி)

கூடாது அம்மா. ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் இருந்து பௌத்தத் துறவி புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற தியான நூலில் இதற்கென்றே ஒரு பரீட்சை இருக்கிறது. நீங்கள், உங்களுக்குப் பிரியமானவர், யாரோ ஒருவர், உங்கள் விரோதி, நால்வரும் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். கொள்ளையர் வந்து, ‘பலி கொடுக்க ஓர் ஆள் வேண்டும், யாரைத் தருகிறீர்கள்?’ என்கிறார்கள். விரோதியைக் கைகாட்டினால் தோல்வி, அது தெரிந்ததுதான். ‘இவர்களை விட்டுவிடுங்கள், என்னைக் கொண்டுபோங்கள்’ என்று தியாகம் செய்தாலும் தோல்விதான்! நால்வரில் கொடுப்பதற்கு ஒருவர்கூட அகப்படாதவருக்குத்தான் தேர்ச்சி. உங்களை நீங்களே தூக்கிக் கொடுத்தால் ‘நான் வேறு, பிறர் வேறு’ என்ற எல்லைக்கோடு இன்னும் அழியவில்லை என்று அர்த்தமாம். என்ன கறார் பாருங்கள்.

சுயநலம் பற்றிய பயத்துக்கும் அவரிடமே பதில் உண்டு. தனக்கு மட்டுமே நூறு வருடம் சொல்லிக்கொண்டிருந்தாலும் ஆழ்ந்த சமாதி நிலை கைகூடாது என்கிறார். அப்படியானால் எதற்குத் தன்னிடம் தொடங்குவது? சாட்சிக்காக. எனக்கு வலி வேண்டாம், சுகம் வேண்டும். அவருக்கும் அப்படித்தானே இருக்கும் என்று எடுத்துக்கொள்வதற்கு நம்மிடம் இருக்கும் ஒரே நேரடி ஆதாரம் நாமே.

கூச்சம் போக ஒரு வழி, பெரிய வார்த்தைகளைக் கைவிடுவது. நான் செவிலியராக இரவுப் பணி பார்த்த காலத்தில் ‘என் கால் வலி குறையட்டும்’ என்றுதான் ஆரம்பிப்பேன். ‘நான் பேரானந்தம் அடையட்டும்’ என்பதெல்லாம் விடியற்காலை மூன்று மணிக்கு வாயில் வராது. கால் வலி குறைய வேண்டும் என்பதில் பொய்யும் இல்லை, கூச்சமும் இல்லை. அதுவும் முடியவில்லையா? பிள்ளைகளிடமிருந்தே தொடங்குங்கள். அந்த வரிசையில் அவர்களுக்குப் பக்கத்தில் நீங்களும் நின்றுகொள்ளுங்கள், அவ்வளவுதான்.

சொத்து விஷயத்தில் ஏமாற்றிய அண்ணனோடு பல வருடமாகப் பேச்சு இல்லை. அவரை நினைத்து உட்கார்ந்தால் மனதுக்குள் கோர்ட் வாதம் ஆரம்பித்துவிடுகிறது. (ஒரு வாசகர்)

நேராக அண்ணனிடம் போய்விட்டீர்கள் போலிருக்கிறது. வரிசை சும்மா வைக்கவில்லை. பிரியமானவரிடம் மனம் நன்றாக இளகிய பிறகுதான் முன்பின் தெரியாதவர். அதற்கும் அப்புறம்தான் விரோதி. வாதம் ஆரம்பித்தால் சண்டை போடாமல் பழையபடி பிரியமானவரிடம் திரும்பிவிடுங்கள்.

அதற்கும் மசியாத கோபத்துக்குப் புத்தகோசர் பக்கம் பக்கமாக யோசனை சொல்கிறார். கோபப்படுகிறவன் எதிராளி மேல் வீச நெருப்புக் கங்கைக் கையில் எடுத்தவன், முதலில் சுடுவது அவன் கையைத்தான் என்பது பலரும் கேட்டது. எனக்குப் பிடித்தது வேறொன்று: நம் கோபத்துக்கு ஆளானவரைப் பிரித்துப் பார்ப்பது. யார் மேல் கோபம்? தலைமுடி மேலா? நகத்தின் மேலா? பல்லின் மேலா? அண்ணனின் காது மடல் உங்களுக்கு என்ன செய்தது? முதலில் சிரிப்பு வரும், வரட்டும். சிரிக்கிறபோது வாதம் நின்றிருக்கும். அதிலும் தீராவிட்டால் அவருக்கு ஏதாவது பரிசு கொடு என்கிறார். அது உங்களால் இப்போது முடியாது என்று தெரியும், அதனால் வற்புறுத்தவில்லை.

ஒன்றில் மட்டும் கவனம். ‘அவருக்கு நல்ல புத்தி வரட்டும்’ என்று வேண்டிக்கொள்கிறவர்கள் பலர். அது மைத்ரி இல்லை, மரியாதையாகத் திட்டுவது. ‘அவர் நிம்மதியாகத் தூங்கட்டும்’ என்று சொல்லிப் பாருங்கள், எங்கே இடிக்கிறது என்று தெரியும். அப்புறம், வழக்கு நடந்தால் நடக்கட்டும். வக்கீலை நிறுத்தச் சொல்லி எந்தச் சூத்திரமும் சொல்லவில்லை.

அம்மா இறந்து நாலு மாதம் ஆகிறது. தினமும் அம்மாவை நினைத்துத்தான் இந்தத் தியானம் செய்கிறேன். அழுகையில் முடிகிறது. தவறாகச் செய்கிறேனா? (24 வயது வாசகர்)

தவறு என்று யார் சொல்வார்கள் தம்பி? ஆனால் பழைய ஆசிரியர்கள் இறந்தவரை இந்தத் தியானத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம் என்கிறார்கள். ஓர் இளம் பிக்கு தன் ஆசிரியரை நினைத்து எத்தனை முயன்றும் மனம் கூடவில்லையாம். விசாரித்தால், ஆசிரியர் காலமாகியிருந்தார். வேறொருவரை நினைத்துச் செய்ததும் கூடியது. அது ஆழ்ந்த ஒருமுகத்துக்கான விதி, உங்கள் துக்கத்தின் மேல் தீர்ப்பு இல்லை.

அம்மாவை நினைப்பதைத் தனி நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். தியானத்துக்கு உயிரோடு இருக்கும் ஒருவரை எடுங்கள். அம்மாவை நினைத்து உங்களைப் போலவே அழும் அப்பாவோ தங்கையோ இருக்கலாம். அழுகை வந்தால் கண்ணைத் திறந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, ‘இந்தத் துக்கத்தை நான் தாங்கிக்கொள்ளட்டும்’ என்று உங்களுக்குச் சொல்லிக்கொள்ளுங்கள். தூக்கமும் சாப்பாடும் தொடர்ந்து கெட்டால் தியானத்தை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம், மனநல மருத்துவரைப் பாருங்கள்.

பலன் தெரிய எவ்வளவு நாள் ஆகும்?

உளவியலாளர் பார்பரா ஃப்ரெட்ரிக்சன் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், வேலை பார்க்கும் 139 பேரில் ஒரு பகுதியினருக்கு இந்தத் தியானத்தை ஏழு வாரம் கற்றுக்கொடுத்தார்கள். அன்றாடம் உணரும் மகிழ்ச்சி, நன்றி, நம்பிக்கை எல்லாம் அவர்களுக்குப் படிப்படியாகத்தான் கூடின. ஆகவே முதல் வாரமே கணக்குப் பார்க்காதீர்கள். மைத்ரிக்குப் பாலி மொழியில் உள்ள பௌத்த நூல்கள் சொல்லும் பதினொரு பலன்களில் முதலாவது, நிம்மதியான தூக்கம். ஆனால் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டு அதைப் பலன் கணக்கில் எழுதக் கூடாது!

எல்லா உயிர்களும் நலமாக இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கொசு கடிக்கிறது. அடிக்கலாமா?

மைத்ரி பற்றிய பௌத்தச் சூத்திரமான ‘மெத்த சுத்த’த்தில் நீளமானது, குட்டையானது, பெரியது, நுண்ணியது, கண்ணுக்குத் தெரிவது, தெரியாதது எல்லாவற்றையும் பட்டியல் போட்டிருக்கிறார்கள். கொசுவுக்கு விலக்கு இல்லை. வலை கட்டிக்கொண்டு உட்காருங்கள்.