பாடத்திட்டம் இருக்கட்டும், களத்தில் எத்தனை மணி நேரம்?

கேள்வி: உடற்கல்வியில் இளநிலைப் பட்டம் பெற்று, மூன்று ஆண்டுகளாக உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சியாளராக இருக்கிறேன். விளையாட்டு அணிகளுடன் பணியாற்ற ஆசை. ஸ்ட்ரென்த் அண்ட் கண்டிஷனிங் (விளையாட்டு வீரர்களின் வலிமையையும் உடல்திறனையும் வளர்க்கும் பயிற்சி) துறையில் முதுநிலைப் படிப்பு அவசியமா? எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்: அணிகள்தான் குறி என்றால் படியுங்கள். ஆனால் பாடப் பட்டியலைப் புரட்டும் முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: படிப்பு முடிவதற்குள் எத்தனை மணி நேரம் வீரர்களுடன் களத்தில் நிற்க விடுவார்கள்? பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள். உடலியங்கியல், உயிர் இயக்கவியல், பயிற்சித் திட்டமிடல், புள்ளியியல், ஆய்வேடு என்று பாடங்கள் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். படித்தது கைக்கு வருகிறதா என்பதில்தான் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபாடு.

ஓர் உதாரணம். காலையில் ஒரு வீராங்கனை, கால் தரையில் கொடுக்கும் விசையை அளக்கும் ஃபோர்ஸ் பிளேட் என்ற பலகையில் ஏறி, இடுப்பில் கைவைத்து, சட்டெனத் தாழ்ந்து குதிக்கிறார். உயரம் போன வாரத்தைப் போலவே 32 சென்டிமீட்டர். உயரத்தை மட்டும் பார்ப்பவர் குறையில்லை என்று எழுதிவிடுவார். ஆனால் தாழத் தொடங்கியதிலிருந்து கால் தரையை விடும் வரையிலான நேரம் 0.70 நொடியிலிருந்து 0.85 நொடியாகக் கூடியிருக்கிறது. களைப்பாக இருக்கலாம். வழக்கத்தைவிட ஆழமாகத் தாழ்ந்ததாலும் இருக்கலாம். அது பக்கத்தில் நின்று பார்த்தவருக்குத்தான் தெரியும். அந்த 0.15 நொடி வீராங்கனையின் அன்றாட ஏற்ற இறக்கத்துக்குள் அடங்குமா என்பது இன்னொரு கேள்வி. புள்ளியியல் வகுப்பில் தூங்கியவர்கள் இங்கே திணறுவார்கள். அப்புறம் முடிவு: ஸ்குவாட்டில் எடையைக் குறைப்பதா, செட்களைக் குறைப்பதா, இரவு சரியாகத் தூங்கினாரா என்று விசாரிப்பதா? நானாக இருந்தால் முதலில் விசாரிப்பேன். கடைசியில், நேரமில்லாமல் நிற்கும் தலைமைப் பயிற்சியாளருக்கு இதையெல்லாம் ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். இந்த ஒரு காலைப்பொழுதை நூறு முறை கடந்து வருவதற்குத்தான் முதுநிலைப் படிப்பு.

உங்கள் மூன்று ஆண்டு அனுபவம் வீண்போகாது; உடலசைவில் பிழை பிடிக்கும் கண் உங்களுக்கு ஏற்கெனவே பழகியிருக்கும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டியிருக்கும். கூடத்துக்கு வருபவருக்குப் பளு தூக்குவதே அன்றைய வேலை. வாரம் இரண்டு ஆட்டம் ஆடுபவருக்கு அது துணை வேலை. நாளை கால் கனக்கும்படி இன்று வாட்டினால் உங்களை அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள்.

பட்டம் வேறு, தொழில்சான்றிதழ் வேறு. 1969-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் பாய்ட் எப்லி இந்த வேலையில் சேர்ந்தபோது இதற்கென்று படிப்பும் இல்லை, சான்றிதழும் இல்லை. அவர் 1978-இல் தொடங்கிய என்.எஸ்.சி.ஏ. என்ற பயிற்சியாளர் சங்கம்தான் இன்று இந்தத் துறைக்கான சி.எஸ்.சி.எஸ். சான்றிதழ்த் தேர்வை நடத்துகிறது. இதுவரை எந்தத் துறையில் இளநிலைப் பட்டம் இருந்தாலும் அதை எழுதலாம் என்பதே விதி. 2030 முதல் அங்கீகாரம் பெற்ற பாடத்திட்டத்தில் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்று அறிவித்திருக்கிறார்கள். எனவே நீங்கள் சேரும் படிப்புக்கு எந்தச் சங்கத்தின் அங்கீகாரம் இருக்கிறது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வேலைக்குப் போக நினைக்கும் நாட்டில் அந்தச் சங்கத்துக்கு மதிப்பு உண்டா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இணையவழிப் படிப்பு, ஏற்கெனவே ஓர் அணியோடு இருப்பவருக்குப் பொருந்தும். உங்களுக்கு இப்போது பரிந்துரைக்க மாட்டேன். களப்பயிற்சிக்குப் பல அணிகள் ஊதியம் தருவதில்லை. கட்டணத்தோடு அந்த மாதங்களின் செலவையும் கணக்கில் சேருங்கள்.

சேர்வதற்கு முன் அங்கே இறுதிக் கட்டத்தில் இருக்கும் மாணவர் ஒருவரிடம், போன வாரம் எந்த அணியுடன் என்ன செய்தார் என்று கேளுங்கள். கூம்புகளை அடுக்கினேன், தண்ணீர் பாட்டில் நிரப்பினேன் என்கிறாரா? முதல் மாதத்தில் எல்லோரும் செய்வது அது, நானும் செய்தேன். கடைசி மாதத்திலும் அதையே செய்கிறார் என்றால், விண்ணப்பத்தை வேறு இடத்துக்கு அனுப்புங்கள்.