கால்குலேட்டரை நம்பிக் குலுக்கல் நடத்தலாமா?

கேள்வி: புரட்டாசி முடிந்ததும் கோயில் சமையற்கட்டுக் கூரைக்காகக் குலுக்கல் வைக்கிறோம். 1,200 சீட்டு விற்றாயிற்று. பள்ளிக் கால்குலேட்டரில் ஏதாவதோர் எண் தரும் ‘ரேன்’ பொத்தானை அழுத்தி, வருவதை 1,200-ஆல் பெருக்கி, புள்ளிக்குப் பின்னால் உள்ளதை விட்டுவிட்டு 1 கூட்டினால் போதும் என்கிறாள் மகள். அதெல்லாம் முன்பே தீர்மானித்த எண் என்கிறார் கமிட்டியில் இருக்கும் மாமா. யார் சொல்வதைக் கேட்பது?
– சாட்ஸ்வொர்த் வாசகி

பதில்: மகளின் கணக்கில் ஓட்டை இருக்கிறது. ஆனால் அது மாமா காட்டுகிற இடத்தில் இல்லை.

பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் கேசியோவில் அந்தப் பொத்தான் 0.000 முதல் 0.999 வரை, மூன்றே இலக்கத்தில்தான் எண் தரும். மொத்தம் 1,000 எண்கள். உங்களிடமோ 1,200 சீட்டு. பெருக்கிப் பாருங்கள்: 0.001-க்கு 1.2, 0.002-க்கு 2.4, 0.003-க்கு 3.6, 0.004-க்கு 4.8, 0.005-க்கு நேரே 6. நடுவில் 5 வரவே இல்லை. 1 கூட்டியபின் அது 6-ஆம் சீட்டு. இப்படியே 12, 18, 24 என்று ஆறின் மடங்கெல்லாம் அடிபட்டுப் போகும். விடிய விடிய அழுத்தினாலும் 1,200-ஆம் சீட்டு வராது. காசு கொடுத்து வாங்கிய 200 சீட்டுக்குப் பரிசு விழ வழியே கிடையாது!

மாமாவின் சந்தேகமும் வீண் இல்லை. கால்குலேட்டருக்குள் பகடை எதுவும் உருளுவதில்லை. ஓர் எண்ணைப் பெருக்கி, கூட்டி, வகுத்து, மீதியை அடுத்த எண்ணாக வைத்துக்கொள்வது பழைய முறை. 5-ஆல் பெருக்கி, 3 கூட்டி, 16-ஆல் வகுத்து மீதியை எடுங்கள். 1-இல் தொடங்கினால் 8, 11, 10, 5, 12, 15 என்று தாறுமாறாகப் போகும். 16-ஆவது அடியில் மறுபடி 1. தொடக்க எண் தெரிந்தவருக்கு மிச்சமெல்லாம் தெரியும். 1960-களில் ஐபிஎம் கணினிகளில் எண் எடுத்துத் தந்த ‘ராண்டு’ நிரல் இந்த வகைதான். அதன் எண்களை மும்மூன்றாகச் சேர்த்து, நீளம், அகலம், உயரம் என்று கொண்டு புள்ளி வைத்தால், எல்லாம் சிதறாமல் 15 தட்டையான தளங்களில் அடுக்கி வைத்ததுபோல் நிற்கும். இன்றைய எக்செல்லில் எண் எடுக்கும் ‘மெர்சென் ட்விஸ்டர்’ என்ற முறை எவ்வளவோ தேவலை. ஆனால் அதுவும் கணக்குதான்.

ஃபோன் ஆப்பில் எடுக்கலாமே என்பீர்கள். ஃபோனின் இயங்குதளம் வன்பொருளில் ஏற்படும் நுண்ணிய மின் ஏற்ற இறக்கங்களையும், உள்ளே நடக்கும் வேலைகளின் நேரத்தில் விழும் நுண்ணிய வித்தியாசங்களையும் சேர்த்துத் தொடக்க எண் எடுக்கிறது. வெளியிலிருந்து ஊகிக்க முடியாது. நீங்கள் இறக்கிய ஆப் அதைத்தான் கேட்டு வாங்குகிறதா என்பது வேறு விஷயம். அமெரிக்காவில் எடி டிப்டன் என்பவர் லாட்டரிச் சங்கத்தின் தகவல் பாதுகாப்பு அதிகாரியாக இருந்துகொண்டே நிரலில் கைவைத்து, குறிப்பிட்ட சில தேதிகளில் வரும் எண்களை ஊகிக்கும்படி செய்துவிட்டார்.

கால்குலேட்டர்தான் வேண்டுமென்றால் இரண்டு முறை அழுத்துங்கள். முதலில் வரும் மூன்று இலக்கத்தோடு இரண்டாவதன் முதல் இலக்கத்தைச் சேர்த்து நான்கு இலக்க எண் ஆக்குங்கள். 9,600 அல்லது அதற்கு மேல் என்றால் தள்ளிவிட்டு மறுபடி அழுத்துங்கள். கீழே என்றால் 1,200-ஆல் வகுத்த மீதியோடு 1 கூட்டுங்கள். 0.734, அப்புறம் 0.52 வந்தால் 7345, மீதி 145, பரிசு 146-ஆம் சீட்டுக்கு. திரையில் 0.45 என்று நின்றால் அது 450. 13/40 என்று பின்னமாக வந்தால் தசமமாக மாற்றிக்கொள்ளுங்கள், அது 0.325.

என்னைக் கேட்டால், 1,200 சீட்டுக்கு டிரம்மும் கண்ணைக் கட்டிய ஒரு சிறுமியும் போதும். எல்லாரும் பார்க்கலாம், மாமாவும் வாயைத் திறக்கமாட்டார்.

எந்த வழியானாலும் எத்தனையாவது எண் எந்தப் பரிசுக்கு என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். 777 வந்தாலும், செயலாளரின் தங்கை சீட்டே வந்தாலும் மறுபடி எடுக்கக் கூடாது. 2020 டிசம்பர் 1 அன்று நம் தென்னாப்பிரிக்காவின் பவர்பால் லாட்டரியில் 5, 6, 7, 8, 9, தனியே எடுக்கும் பவர்பால் எண் 10 என்று வந்ததும் ஊரே மோசடி என்றது. அந்த ஆறு எண்ணும் வர 4,23,75,200-இல் ஒரு வாய்ப்பு. வேறு எந்த ஆறு எண்ணைச் சொன்னாலும் வாய்ப்பு அதேதான். அன்று வரிசை எண் கட்டியிருந்த 20 பேர் பெரிய பரிசைப் பங்குபோட்டுக்கொண்டார்கள்.